லீவு போட முடியாத முதலாளி

கேள்வி: என்கிட்ட 9 பேர் வேலை பாக்கறாங்க. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எதுக்கெடுத்தாலும் என்னையேதான் கேக்கறாங்க. போன மாசம் காய்ச்சல்ல 2 நாள் படுத்தேன், 2 நாளும் வேலை அப்படியே நின்னுருச்சு. பொறுப்பான ஆளுங்களே கிடைக்க மாட்டாங்களா?

பதில்: காய்ச்சல்ல கூட நிம்மதியா படுக்க முடியலைனா ரொம்ப கஷ்டம்தாங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. 9 பேருமேவா பொறுப்பில்லாதவங்களா அமைஞ்சிருப்பாங்க? ஒருத்தர் ரெண்டு பேர்னா அவங்க குணம்னு விட்டுடலாம், எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கறாங்கன்னா அப்படி பழக்கிவிட்டது நீங்கதான். நானும் இதே தப்ப வருஷக்கணக்கா பண்ணியிருக்கேன், அந்த உரிமையிலதான் சொல்றேன். என்கிட்ட இருந்த ஒரு பையன் கஸ்டமருக்கு மெயில் எழுதுவான், நான் அத வாங்கி திருத்தித்தான் அனுப்புவேன், நாலஞ்சு தடவை அப்படி ஆனதும் பாதி மட்டும் எழுதி என் முன்னாடி கொண்டுவந்து வெக்க ஆரம்பிச்சுட்டான், எப்படியும் மாத்தத்தான் போறாரு நாம எதுக்கு முழுசா மண்டைய உடைச்சுக்கணும்னு. அவன் நினைச்சதுல தப்பே இல்ல.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்க. யார் என்ன கேட்டாலும் ஒரு வரி எழுதி வைங்க. வாரக்கடைசில எடுத்து படிச்சா உங்களுக்கே தெரியும், பாதிக்கு மேல பதில் தெரிஞ்சும் திட்டு விழுமோன்னு பயந்து கேட்ட கேள்வியாதான் இருக்கும். மிச்சத்துல நெறைய, விவரம் உங்க தலைக்குள்ள மட்டுமே இருக்கறதால வர்றது. விலைய எவ்வளவு வரைக்கும் குறைக்கலாம், யாருக்கு கடன் கொடுக்கலாம், சரக்கு எவ்வளவுக்கு கீழ இறங்குனா ஆர்டர் போடணும், இதெல்லாம் நீங்க எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? எழுதுங்க, ஒரு பக்கம் கூட வராது. பயந்து கேக்கறவங்களுக்கு ஒரு எல்லை போட்டு கொடுங்க, "இந்த தொகை வரைக்கும் நீயே முடிவு பண்ணிக்க, தப்பா போனா நான் பாத்துக்கறேன்"னு. கண்டிப்பா ஒருத்தர் தப்பு பண்ணுவாரு. அன்னிக்கு மத்த 8 பேரும் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க, அன்னிக்கு நீங்க கத்திட்டீங்கன்னா அடுத்த நாள்ல இருந்து மறுபடியும் போன்தான்.

இன்னொண்ணும் இருக்கு. 4 பேரா இருந்தப்ப ஒரு விஷயத்த ஒரு தடவை சொன்னா போதும், ஏன்னா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறவங்கள ரெண்டு ரெண்டு பேரா எண்ணுனா மொத்தமே 6 ஜோடிதான். இப்ப உங்களையும் சேத்து 10 பேர், அதுல 45 ஜோடி, இன்னும் 5 பேர் சேந்தா 105. நீங்க சொன்னது யாருக்கோ பாதி போய் சேருது, யாருக்கோ வேற மாதிரி போய் சேருது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே"ங்கறத விட்டுட்டு தெனமும் காலைல ஒரு 10 நிமிஷம் எல்லாரையும் சேத்து வெச்சு பேசுங்க. என்ன செய்யணும்கறதோட ஏன் செய்யணும்கறதயும் சேத்து சொல்லுங்க, காரணம் தெரிஞ்சாதான் நீங்க இல்லாதப்ப அவங்களால யோசிக்க முடியும்.

கேள்வி: எனக்கு கோவம் கொஞ்சம் ஜாஸ்தி சார், ஆனா அடுத்த நிமிஷமே மறந்துடுவேன். மனசுல எதுவும் வெச்சுக்க மாட்டேன். அப்படியும் பிரச்சனை முத்துன அப்புறம்தான் என்கிட்ட சொல்றாங்க, ஏன்?

பதில்: நீங்க மறந்துடுவீங்க, திட்டு வாங்கினவர் மறக்க மாட்டார். 1990கள்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஆஸ்பத்திரி நர்ஸ் டீம்கள்ல மருந்து கொடுக்கறதுல நடக்கற தப்புகள ஆராய்ஞ்சாங்க. நல்ல டீம்னா தப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சு போனா, நல்லா நடக்கற டீம்லதான் தப்பு ஜாஸ்தியா பதிவாயிருந்துச்சு. என்னடான்னு உள்ள போய் பாத்தா அங்கெல்லாம் தப்ப வெளிய சொல்ல பயம் இல்ல, மத்த இடத்துல மறைச்சுட்டாங்க. டொயோட்டா கார் ஃபேக்டரில வண்டி வரிசையா தயாராகற லைன்ல நிக்கற தொழிலாளி கூட கோளாறு ஏதாவது கண்ணுல பட்டா அதுக்குன்னே கட்டியிருக்கற கயித்த இழுக்கலாம், டீம் லீடர் உடனே ஓடி வருவாரு, சரி பண்ண முடியலைனா லைனே நிக்கும். அங்க கயித்த இழுக்கறது தப்பில்ல, பாத்தும் இழுக்காம விடறதுதான் தப்பு. அதனால கெட்ட சேதியோட ஒருத்தர் வந்தா முதல் வார்த்தையா "சொன்னதுக்கு நன்றி"ன்னு சொல்லி பழகுங்க. யார் பண்ணதுங்கறத அப்புறம் பாத்துக்கலாம், இப்ப என்ன செய்யலாம்னு மட்டும் கேளுங்க. முதல்ல வாய்ல வராதுதான், ஒரு மாசம் விடாம பண்ணிப் பாருங்க சார்.

கேள்வி: கணக்குல லாபம் காட்டுது, சம்பள நாள்ல கையில காசு இல்ல. இதுவும் தலைமை குறைபாடா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். நீங்க 60 நாள் கடனுக்கு விக்கறீங்க, சரக்கு கொடுத்தவருக்கு 15 நாள்ல கட்டறீங்கன்னா நடுவுல 45 நாளைக்கு உங்க காசுதான் ஓடுது, விற்பனை கூடக்கூட இந்த ஓட்டையும் பெருசாகும். வர வேண்டிய பணத்த கேக்க கூச்சப்படறதும் கணக்க பாக்க பயந்து தள்ளிப்போடறதும்தான் இதுல முதலாளியோட பலவீனம். அடுத்த 13 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்னு ஒரு தாள்ல போட்டு ஒவ்வொரு வாரமும் திருத்துங்க. சம்பளம் தள்ளிப்போகும்னு தெரிஞ்சா முன்னாடியே ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க, தயவுசெஞ்சு அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மறைச்சு வெக்காதீங்க, அவங்க வீட்டுலயும் கட்ட வேண்டியது காத்துக்கிட்டு இருக்கும்.

கேள்வி: முதல் நாள்ல இருந்து கூட இருக்கற அண்ணன் ஒருத்தர். வேலைல கில்லாடி, அதனால சூப்பர்வைசர் ஆக்கினேன். இப்ப அவருக்கு கீழ இருந்த 3 பேர் வேலைய விட்டு நின்னுட்டாங்க. அவர்கிட்ட எப்படி பேசறதுன்னே தெரியல, 6 மாசமா தள்ளிப்போடறேன்.

பதில்: இந்த கேள்விதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணுச்சு, ஏன்னா இதுல கெட்டவங்கன்னு யாருமே இல்ல. நல்லா வேலை செய்யறதும் நல்லா வேலை வாங்கறதும் ரெண்டும் வேற வேற திறமைம்மா, இரண்டாவதுக்கு அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கல. தப்பு அவரோடது மட்டும் இல்ல. நீங்க பேசாம இருக்கற ஒவ்வொரு மாசமும் அவருக்கு நல்லது பண்றதா நினைக்கறீங்க, ஆனா மத்தவங்க போறதுக்கான காரணத்த அவர் தலைல ஏத்திக்கிட்டே இருக்கீங்க.

இந்த வாரமே தனியா உக்காருங்க. 6 மாச குறையையும் மொத்தமா கொட்டாதீங்க, சமீபத்துல நடந்த ஒரே ஒரு சம்பவத்த எடுத்து, நீங்க நேர்ல பாத்தத மட்டும் சொல்லுங்க, சொல்லிட்டு "உங்களுக்கு இந்த வேலை எப்படி இருக்குண்ணே"ன்னு கேட்டுட்டு அவர் பேசி முடிக்கற வரைக்கும் வாய திறக்காதீங்க. அவருக்கே இந்த பதவி பாரமா இருக்கலாம், சொல்ல வழி தெரியாம இருந்திருப்பாரு. பழைய வேலைக்கே போறேன்னு சொன்னா சம்பளத்துல கை வெக்காம அனுப்புங்க, புதுசா வர்றவங்களுக்கு தொழில் கத்துக்கொடுக்கற பொறுப்ப அவர்கிட்ட கொடுங்க. இதுலயே தொடர்றேன்னா 2 மாசம் டைம் கொடுத்து, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் நீங்களே கூட உக்காந்து பேசுங்க. நின்னுபோன அந்த 3 பேருக்கும் போன் போட்டு ஏன் போனீங்கன்னு கேளுங்க, அண்ணன்கிட்ட பேசறதுக்கு முன்னாடியே.