வாசகர் கேள்வி – பதில்: அசகுசாவில் சுஷியும் மாலை நடையும்

கே: நவம்பரில் டோக்கியோ போகிறோம். அசகுசாவுக்கு ஒரு மாலைதான் ஒதுக்க முடியும். முதலில் சுஷியா, ஊர் சுற்றலா? (வாசகி, கோவை)

முதலில் சுஷி, அதாவது சோற்றுப் பிடியின்மேல் மீன் வைத்துத் தரும் ஜப்பானிய உணவு. நவம்பரில் அங்கே நாலரை மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். சாப்பிட்டு முடித்துக் கிளம்பினாலும் விளக்கு அழகு எதையும் தவறவிட மாட்டீர்கள். ஐந்தரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள், அதற்குமேல் சுழல்பட்டையில் சுஷித் தட்டுகள் வரும் கடைகளில் கூட்டம் சேரும். பல கடைகளில் வாசலில் ஒரு தொடுதிரை இருக்கும். எத்தனை பேர் என்று அதில் தட்டி எண் சீட்டு எடுத்த பிறகே காத்திருங்கள். மேசையில் உள்ள குழாயில் வருவது தேநீருக்கான கொதிநீர். கை கழுவப் போய்ச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கே: மீன் பிடிக்கும், ஆனால் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. எதில் தொடங்குவது? (வாசகர், தூத்துக்குடி)

வெந்ததில் தொடங்குங்கள். எபி என்றால் வேகவைத்த இறால். அனகோ என்பது கடல் விலாங்கு. பதமாக வேகவைத்து இனிப்புச் சாறு தடவியிருப்பார்கள், அதற்குச் சோயா சாஸ் தேவையில்லை. பிறகு 'தாய்', 'ஹிராமே' என்ற பெயர்களில் வரும் வெள்ளை மீன்கள், அடுத்து சால்மன், சூரையின் சிவப்புச் சதை, கடைசியில் அதன் கொழுத்த வயிற்றுப் பகுதியான ஓதோரோ. கொழுப்பை முதலில் சாப்பிட்டால் நாக்கில் படிந்துவிடும். வெள்ளை மீனின் மென்மையான ருசி பிறகு தெரியாது. இடையிடையே ஊறிய இஞ்சி ஒரு துண்டு.

பலர் சொதப்பும் இடம் சோயா சாஸ். சோற்றைத் தோய்த்தால் அது சாஸை உறிஞ்சி உதிர்ந்துவிடும், உப்பும் கரிக்கும். சுஷியைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் நுனி மட்டும் படுமாறு தொடுங்கள். கையால் எடுப்பது அங்கே முறையானதுதான். நோரி என்ற கடற்பாசித் தாள் சுற்றி மேலே மீன் முட்டை வைத்த குன்கானைச் சாய்க்க முடியாது. இஞ்சித் துண்டைச் சாஸில் நனைத்து அதன்மேல் தடவுங்கள். வந்தவுடன் சாப்பிடுங்கள், தாமதித்தால் நோரி நமத்துப்போகும்.

கே: அம்மா சுத்த சைவம். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? (வாசகி, மயிலாப்பூர்)

வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பாமகியை ஓரளவு நம்பிச் சாப்பிடலாம். மீன் கண்ணில் படாத மற்றவற்றில்தான் சிக்கல். இனாரி சுஷியில் சோற்றைப் பொதியும் டோஃபு உறை, கன்பியோ சுருளில் வைக்கும் சுரைக்காய்ப் பட்டை, மிசோ சூப் எல்லாமே பெரும்பாலும் 'தாஷி' என்ற சாற்றில் தயாராகின்றன. தாஷிக்குக் காய்ந்த சூரைச் சீவல் போடுவது வழக்கம். தமகோ என்ற முட்டைப் பொரியலிலும் தாஷி சேரும். சில கடைகளின் சோயா சாஸிலும் கலந்திருக்கும். ஆகவே 'மீன் இல்லை' என்று மட்டும் சொன்னால் போதாது. 'தாஷியும் கூடாது' என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் காட்டுங்கள். அம்மாவின் வயிறு நிறைய கப்பாமகி மட்டும் போதாது. அவருக்கு முன்கூட்டியே வேறு சைவக் கடையில் சாப்பாடு முடித்துவிடுவதே நல்லது.

கே: சாப்பிட்டபின் நடக்க எந்தப் பாதை நல்லது? (வாசகர், சேலம்)

காமினரிமோன் வாசலிலிருந்து நகமிசே தெரு வழியாக சென்சோஜி கோயிலுக்குப் போங்கள். கடைகளும் பிரதான மண்டபமும் மூடியிருக்கும், ஆனால் கோபுரமும் மண்டபமும் விளக்கொளியில் நிற்கும். அங்கிருந்து ஆற்றங்கரை. 2020-இல் திறந்த சுமிதா ஆற்று நடைபாதை ரயில் பாலத்தை ஒட்டியே செல்கிறது. பக்கத்திலேயே ரயில் மெதுவாக ஊர்ந்துபோகும், தரையில் சில இடங்களில் கண்ணாடி வழியே தண்ணீர் தெரியும். இரவு பத்துக்கு அடைத்துவிடுவார்கள். அக்கரையில் இறங்கி நேரே நடந்தால் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம். கால் வலித்தால் ஒஷியாகே நிலையத்தில் அசகுசா பாதை ரயில் ஏறுங்கள். இரண்டாவது நிறுத்தமே அசகுசா.