நம்பிக் கொடுத்தது யாருடையது? – கேள்வி பதில்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வக்கீல் இல்லை, புலவரும் இல்லை. சொல்லைப் பார்த்துப் பார்த்து எழுதும் தொழில் என்பதால் சொற்களின் மேல் ஒரு கிறுக்கு. இந்த முறை 'நம்பிக்கை' பற்றிக் கேளுங்கள் என்றேன். இலக்கணம், வேதம், நகை, நிலம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்துவிட்டது.

நம்பிக்கை என்பது தமிழ்ச் சொல்தானா ஐயா? 'நம்பி' என்ற பெயருக்கும் அதற்கும் உறவு உண்டா? (விருதுநகர், தமிழாசிரியை)

தமிழ்தான் அம்மா. ஆனால் பழைய பொருள் வேறு. தொல்காப்பிய உரியியலில் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்று வருகிறது. நசை என்றால் விருப்பம். அதாவது, அன்றைக்கு ஒன்றை நம்புவது என்றால் அதை விரும்புவது.

அப்படியானால் இன்று நாம் சொல்லும் நம்புதலுக்கு என்ன சொன்னார்கள்? தெளிதல், தேறுதல். திருக்குறளின் 51-ஆம் அதிகாரத் தலைப்பே 'தெரிந்து தெளிதல்'தான். ஆராய்ந்து பார்த்து அப்புறம் நம்புவது. 'தேறற்க யாரையும் தேராது' என்கிறது 509-ஆம் குறள். சோதிக்காமல் ஒருவரையும் நம்பாதே. அந்தத் தெளிதல் வழக்கில் தேய்ந்துபோய், விருப்பத்தைக் குறித்த சொல் அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. என் மேஜைக்கு வந்த வம்புகளில் பாதி, நசையைத் தெளிவு என்று எடுத்துக்கொண்டதால் வந்தவை.

'நம்பி', 'நங்கை'க்கு ஜோடி. ஆடவரில் சிறந்தவன் என்று பொருள். அவனை நம்பலாமா என்பது தனிக் கேள்வி.

எங்கள் வீட்டில் பாட்டி 'விசுவாசம்' என்பார். இப்போது கோயிலில் 'நம்பிக்கை' என்று வாசிக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (நாகர்கோவில்)

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13-ல் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று மூன்று வரும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அதே இடம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. உற்றுப் பாருங்கள்: பழையதில் இரண்டாவதாக இருந்த நம்பிக்கை, புதியதில் முதல் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. பாட்டிக்கு நம்பிக்கை என்றால் 'நல்லது வரும்' என்று காத்திருப்பது. பேத்திக்கு அதுவே கடவுள்மேல் வைக்கும் பற்று. பாட்டியின் பொருள்தான் தொல்காப்பியத்தின் நசைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

விசுவாசம் வடசொல். சமயத்துக்கு வெளியே அது வேறு வேலை பார்க்கிறது. 'விசுவாசமான ஆள்' என்றால் நம்மை நம்புகிறவன் இல்லை, நம்மை விட்டுப் போகாதவன். நாய்க்கும் தொண்டனுக்கும் ஒரே பட்டம்.

ஈமானும் அமானிதமும் ஒரே வேர் என்கிறார்களே, உண்மையா அண்ணே? (காயல்பட்டினம்)

உண்மைதான் தம்பி. இரண்டும் அரபியில் 'அ-ம்-ன்' என்ற வேரிலிருந்து வருபவை. அச்சமின்மை, பாதுகாப்பு என்பது அதன் அடிப்படை. எபிரேயத்தில் அதற்கு உறவான வேரிலிருந்துதான் 'ஆமென்' வருகிறது. ஈமான் இறைவன்மேல் வைப்பது. அமானிதம் மனிதர் ஒருவர் இன்னொருவரிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவைக்கும் பொருள். பயணம் போகிறவர் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் பை அமானிதம். அது வைத்திருப்பவருடையது ஆகாது, திருப்பிக் கேட்கும்போது கொடுத்தாக வேண்டும். இந்த ஒரே சொல்லுக்கு நாங்கள் பத்திரத்தில் நாலு வரி எழுதுவோம்.

'ட்ரஸ்ட்' என்பதை 'அறக்கட்டளை' என்கிறோம். கட்டளை என்றால் உத்தரவு அல்லவா? நம்பிக்கை எங்கே போனது? (கும்பகோணம், பொறியியல் மாணவர்)

இதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், உட்காருங்கள்.

முதலில் சட்டம். 1882-ஆம் வருட இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: ஒருவர் மேல் நம்பிக்கை வைக்கப்படுகிறது, அவர் அதை ஏற்றுக்கொள்கிறார், அதனால் சொத்து அவர் பெயரில் இருந்தாலும் பலன் வேறொருவருக்குப் போகவேண்டும் என்ற கடமை அந்தச் சொத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கொடுத்தவர், வைத்திருப்பவர், அனுபவிப்பவர் என்று மூன்று பேர். ஒரு சாதாரண விவேகி தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல், வைத்திருப்பவர் அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் (பிரிவு 15). அதை வைத்துத் தனக்கு லாபம் பார்க்கக்கூடாது (பிரிவு 51). இந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் கோயில்களுக்கு 1959-ஆம் வருட இந்து சமய அறநிலையச் சட்டம் தனி, முஸ்லிம்களின் அறக்கொடையான வக்ஃபுக்கும் தனிச் சட்டம்.

இப்போது கட்டளை. கோயிலில் 'உச்சிக்காலக் கட்டளை', 'அர்த்தசாமக் கட்டளை' என்று கேட்டிருப்பீர்கள். இன்ன நிலத்தின் வருமானம் இன்ன பூசைக்கு என்று கட்டி வைத்துவிடுவது. உத்தரவு என்ற பொருள் போகவில்லை: கொடுத்தவர் போட்ட உத்தரவு, அவர் செத்த பிறகும் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சோழர் கல்வெட்டுக்களின் ஆட்டுக் கணக்கு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிய வேண்டும். அதற்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆடுகள் போவது கோயிலுக்குள் அல்ல, இடையரிடம். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். பாலும் குட்டியும் அவர் பாடு. கல்வெட்டு அந்த ஆடுகளை 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். சாகாத, கிழடாகாத ஆடு! ஆடு சாகத்தான் செய்யும், ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. செத்தால் குட்டியை வைத்து நிரப்பு, விளக்கு எரியட்டும். இன்று வங்கிக்காரர் அசலைத் தொடாமல் வட்டியில் தர்மம் பண்ணுங்கள் என்று சொல்வதை, ஆயிரம் வருடம் முன்பு ஆட்டில் எழுதிவிட்டார்கள்.

யார் காவல்? சிவன் கோயில் கல்வெட்டுக்களில் 'இது பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று முடியும். அடியார் கூட்டம் முழுவதும் காவல் என்று பொருள். ஒருவரை மட்டும் நம்பி விடவில்லை பாருங்கள்.

இன்னொன்று. மடாதிபதியோ, வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லியோ ஆங்கிலச் சட்டம் சொல்லும் 'ட்ரஸ்டி' அல்ல என்று 1921-இல் பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், சொன்னது. வித்யா வருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி ஐயர் என்ற வழக்கு. காரணம், சொத்து அவர்கள் பெயரில் இறங்குவதே இல்லை. சாமியே சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், சாமியே உடையவர். மனிதர் நிர்வாகி மட்டும். அறங்காவலர் என்ற தமிழ்ச் சொல் அந்த வகையில் துல்லியமானது. காவலர்தான், உடையவர் அல்ல.

தோழியிடம் ஊருக்குப் போகும்போது ஐந்து சவரன் கொடுத்துவைத்தேன். அடகு வைத்துவிட்டாள். இது 420 தானே? (மதுரை)

இல்லையம்மா. எல்லா ஏமாற்றையும் நாம் 420 என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்து, பொய் சொல்லி வாங்கியிருந்தால்தான் அது. ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டு, பிறகு மனம் மாறித் தன் பொருள் போல ஆண்டால் அது நம்பிக்கை மோசடி. பழைய தண்டனைச் சட்டத்தில் 406. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, ஐந்து வருடம் வரை சிறை. ஏமாற்றுக்கு 318. ஒரே செயல் இரண்டாகவும் இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் நினைவுபடுத்தியிருக்கிறது. புகார் எழுதும்போது 'பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தேன்' என்ற சொல் இருக்கட்டும். 'கடனாகக் கொடுத்தேன்' என்று எழுதினால் கதையே மாறிவிடும்.

சிங்கப்பூரில் வேலை. என் பணத்தில் அண்ணன் பெயரில் வீட்டுமனை வாங்கலாமா? அண்ணனை முழுக்க நம்புகிறேன்.

அண்ணனை நீங்கள் நம்பலாம், சட்டம் நம்பாது. 1988-ஆம் வருட பினாமிச் சட்டத்தின்படி, உங்கள் காசில் அவர் பெயரில் மட்டும் வாங்கினால் அது பினாமி என்ற பேச்சு வரும். 4-ஆம் பிரிவு, 'இது என்னுடையது' என்று நீங்கள் வழக்குப் போடுவதையே தடுக்கிறது. மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்க விலக்கு உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்றால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டாக இருக்க வேண்டும்.

நேர்வழி இருக்கிறதே தம்பி. உங்கள் பெயரில் வாங்குங்கள். கையெழுத்துப் போட அண்ணனுக்குப் பவர் கொடுங்கள். தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் வருவது குதிரை இல்லை, 'மண் குதிர்' என்ற மணல்மேடு என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

எனக்கும் வந்தது, நாலு தடவை. மண்ணால் செய்த குதிரை தண்ணீரில் கரையும். இதில் விளங்காதது என்ன?

நாடாளுமன்றத்தில் 'நம்பிக்கை வாக்கெடுப்பு' என்கிறார்களே, அது எந்த நம்பிக்கை?

எண்ணிக்கை. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஓர் ஓட்டில் விழுந்தது.

நெருங்கிய நண்பன் கைமாற்றாக ஒரு லட்சம் கேட்கிறான். எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பானா? (திருப்பூர்)

கைமாற்று என்பது வட்டியில்லாமல், எழுத்தில்லாமல், நாலு நாளில் திருப்பித் தருவது. ஒரு லட்சம், எப்போது வரும் என்று தெரியாது என்றால் அது கடன், பெயரைத்தான் மாற்றியிருக்கிறான். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல் இருப்பது அவனுக்கும் தெரியும். நினைத்தால் நினைக்கட்டும். புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் படும்படி கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாம்ப் இல்லாத நோட்டை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதால் தேதியையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள், ஸ்டாம்ப் ஒட்டுகிறவர்கள்கூட அதைக் கோட்டை விடுகிறார்கள்.