சோழரைத் தேடி கேம் வாங்குகிறவர்களுக்கு

கேள்வி: ஏ/எல் சோதனை முடித்த என் மகன், 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' கேமில் தமிழர் இருக்கிறார்கள், வாங்கித் தாருங்கள் என்று நிற்கிறான். டவுனில் ஒரு கடையில் டிவிடியில் பதிந்து தந்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் இந்துஸ்தானியர் இருக்கிறார்கள், தமிழரைக் காணவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? 'சோழர்' என்று சொல்லி வேறு கேம்களும் விற்கிறார்கள். எதற்குக் காசு கொடுக்கலாம்?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: தமிழர் என்ற பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார்கள் அம்மா. அந்தக் கேமில் அவர்களுக்குப் பெயர் 'திராவிடர்'. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா' என்ற மேலதிகப் பொதியில்தான் சேர்த்தார்கள். அதுவரை முழு உபகண்டத்துக்கும் 'இந்தியர்' என்று ஒரே ஒரு நாகரிகம் (விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்கும் தரப்பு). அதை இந்துஸ்தானியராக மாற்றி, வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று பேரைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். மூல கேமுக்குக் காசு வேறு, பொதிக்குக் காசு வேறு. உங்கள் டிவிடியில் மூல கேம் மட்டும் இருக்கிறது, அதுவும் களவுப் பிரதி. களவுப் பிரதி விற்றது முதல் ஏமாற்று, தமிழர் இல்லாதது இரண்டாவது.

சரி, பொதி காசுக்குப் பெறுமதியா? என் கணக்கில் ஆம். திராவிடரின் படைவீரர்களைத் தட்டினால் தமிழில் பதில் சொல்வார்கள். உருமி என்கிற சுருள்வாளைச் சுழற்றும் காலாட்படை உண்டு. மீன்பிடிக்கிறவர்கள் மற்ற நாகரிகத்தாரைவிட ஒரு தடவையில் 15 அலகு கூடச் சுமப்பார்கள், அது எதற்கு உதவும் என்று குருநகர் மீனவருக்கு விளக்க வேண்டியதில்லை. கேமுக்குள் 'வூட்ஸ் ஸ்டீல்' (தென்னிந்திய உருக்கு) என்ற ஆய்வைச் செய்து முடித்தால் காலாட்படையின் அடியையும் குதிரைப்படையின் அடியையும் எதிரியின் கவசம் தடுக்காது. தென்னிந்திய உருக்கு உலகச் சந்தையில் பெயர் எடுத்தது உண்மைதானே.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய பலவீனம். திராவிடருக்குக் கனரகக் குதிரைப்படை கிடையாது. மகன் இதற்காகக் கட்டாயம் முறைப்பாடு வைப்பான். ஆனால் தென்னாட்டு அரசர்கள் நல்ல குதிரைகளைக் கடல் கடந்து அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து விலைகொடுத்து இறக்கியவர்கள். பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் அப்படி வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் செத்ததை மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். கேம் செய்தவர்கள் இதைப் படித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

குறை என்றால், சோழர், பாண்டியர், ஒய்சளர், விஜயநகரத்தார் எல்லோரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாண அரசுக்குத் தனி இடம் இல்லை. இன்னொன்று, அதிலுள்ள ராஜேந்திரன் கதைத்தொடர் சோழர் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. 1017 இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போன அதே படையெடுப்பை, இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் விகாரைகளைச் சூறையாடிய கொள்ளை என்று எழுதுகிறது. பெடியன் இரண்டையும் வாசிக்கட்டும்.

2025 பெப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன் 7' என்ற இன்னொரு கேமில் சோழர் என்ற பெயரிலேயே இருக்கிறார்கள், தஞ்சைப் பெரிய கோயிலையும் கட்டலாம். ஆனால் வெளியான வடிவத்தில் அவர்கள் கேமின் மூன்று காலகட்டங்களில் நடுவிலுள்ளதற்கு மட்டும் உரியவர்களாக இருந்தார்கள். முதலில் வேறொரு நாகரிகம், பிறகு சோழர், கடைசியில் முகலாயர் என்று மாறிக்கொண்டே போக வேண்டியிருந்தது. விலையும் அதிகம், பழைய லப்டொப்பும் இழுக்காது. அவசரம் இல்லை, விலைக்கழிவு வரட்டும்.

யாழ்ப்பாணமே வேண்டும் என்றால் 2013 இல் வந்த 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' இருக்கிறது. அது 1444 இல் தொடங்குகிறது, வரைபடத்தில் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்து அரசாளலாம். கீழே கோட்டை இராச்சியம், பாக்குநீரிணைக்கு அப்பால் விஜயநகரம். நிஜத்தில் சில வருடங்களிலேயே கோட்டையிலிருந்து சப்புமல் குமாரயா வந்து யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைப் பிடித்தான், 1619 இல் போர்த்துக்கேயரோடு எல்லாம் முடிந்தது. கேமில் அந்த வழியை மாற்றலாம், மாற்றுவது மிகக் கஷ்டம். பழகவே வாரக்கணக்கில் பிடிக்கும். இதற்கும் கனக்க மேலதிகப் பொதிகள் உண்டு, யாழ்ப்பாணத்தை ஆள மூல கேம் போதும். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

இனி வாங்குகிற விஷயம். ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் உங்கள் வங்கி அட்டையால் வாங்குங்கள். வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவுக்கு அட்டை திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். விலை டொலரில் காட்டும், வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேர்ந்து வரும். வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். பொதியை வாங்கினாலும் அப்படித்தான், வாங்கிய பிறகு மூல கேமை விளையாடிய நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே முதல் நாளே லப்டொப்பில் ஓடுகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். இராத்திரி முழுக்க விளையாடிவிட்டுக் காலையில் காசு கேட்டால் தரமாட்டார்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் ஒருவர் 1,500 ரூபாய்க்கு, எல்லாப் பொதிகளும் உள்ள ஸ்டீம் கணக்கொன்றின் பெயரையும் கடவுச்சொல்லையும் தருகிறேன் என்கிறார். ஒன்லைன் போகாமல் விளையாட வேண்டுமாம். வாங்கலாமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: வேண்டாம். ஸ்டீமின் ஒப்பந்தப்படி கணக்கை விற்கவோ கைமாற்றவோ முடியாது. அதே கடவுச்சொல்லை அவர் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தாரோ, நாளைக்கு அதை மாற்றினால் உங்கள் கேம் போய்விடும், முறைப்பாடு செய்ய உங்களிடம் பற்றுச்சீட்டும் இராது. பற்றுச்சீட்டோடு விற்கும் உள்ளூர்க் கடை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

கேள்வி: ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 வாங்கினேன், டேட்டா எல்லாம் முடிந்துவிட்டது. ஏன்?
– திருநெல்வேலி மாணவர்

பதில்: கேமுக்கே 30 ஜிபி வரை இடம் வேண்டும். அதற்கு மேல், 4கே திரைக்கான இலவசக் கிராபிக்ஸ் பொதியையும் டிக் பண்ணியிருப்பீர்கள். சாதாரணத் திரைக்கு அது தேவையில்லை. ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குள் போய் அதை நிறுத்துங்கள், மிச்சத்தை இரவு டேட்டாவில் இறக்குங்கள்.