சொன்னது எங்கே போகும்?

கேள்வி: குடிசைப் பகுதி ஒன்றில் சமூகப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். துணைக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்புகிறார்கள். அவர் இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. தனியாகப் போனாலும், "நீயும் அவங்க ஆளுதானே?" என்கிறார்கள். எப்படிப் பேச வைப்பது?

பதில்: அப்படிக் கேட்டாலே நல்லதுதான். அறவே நம்பாதவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள். சிரித்து மழுப்பாதீர்கள். அவர்கள் கேட்பது, "நாங்கள் சொல்வது எங்கே போகும்?" என்பதைத்தான். உங்கள் நோட்டை யார் யார் கேட்டு வாங்கலாம் என்று உங்களுக்கே தெரியுமா? வேலையில் சேரும்போது இதைச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. 1991-ல், தகராறு என்று அழைப்பு வந்து போன ஒரு பெண் போலீஸ், அங்கே ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் ஒரு சமூகப் பணியாளரிடம் மனநல ஆலோசனைக்குப் போனார். இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டு, அந்த ஆலோசனைக் குறிப்புகளைக் கேட்டது. அந்தப் பேச்சு ரகசியம், தர வேண்டியதில்லை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாஃபி – ரெட்மண்ட் தீர்ப்பு என்பார்கள். நம் தொழிலுக்குப் பெரிய காப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கில் காப்பாற்றப்பட்டது போலீஸ்காரர் பேசியது! அதுவும் சிகிச்சை அறைக்குள் பேசியதற்குத்தான். வாசலில் நின்று ஒரு தாய் தன் மகனைப் பற்றி உங்களிடம் புலம்புவது அதில் சேராது.

எனவே அந்தத் தாய் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "குழந்தைக்கு அடி, உயிருக்கு ஆபத்துன்னா நான் மேலே சொல்லியாகணும்மா." எல்லாம் கேட்டுவிட்டுப் பிறகு சொன்னால் அதற்குப் பெயர் துரோகம். உங்கள் துணைக்கு வரும் போலீஸ்காரரை வேறொரு நாளில், வேறு வேலையாக வரச் சொல்லுங்கள். ஆபத்தென்றால் நீங்களே கூப்பிடலாமே.

கேள்வி: போலீஸுக்குப் பதிலாகச் சமூகப் பணியாளரையே அனுப்பினால் என்ன?

பதில்: அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் 2020 முதல் 'ஸ்டார்' என்றொரு திட்டம். மனநல ஆலோசகரும் மருத்துவ உதவியாளரும் ஒரு வேனில் போவார்கள், துப்பாக்கி கிடையாது. அது இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. இதற்கெல்லாம் முன்னோடி, அதே நாட்டின் யூஜீன் நகரில் 1989-ல் தொடங்கிய 'கஹூட்ஸ்'. நிதிச் சிக்கலில் 2025-ல் அங்கே நின்றுபோனது. போலீஸ் ஜீப் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.