டிபிஎன் ட்ரிப்ஸில் அலுமினியம்: நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி: 29 வாரத்தில் பிறந்த எங்கள் குழந்தைக்குப் பத்து நாளாக டிபிஎன் (சத்து முழுவதையும் ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் ட்ரிப்ஸ்) ஏறுகிறது. அதில் அலுமினியம் இருக்கும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. நிறுத்தச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். குடல் இன்னும் தயாராகாத குழந்தைக்கு இப்போதைக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் நீங்கள் படித்தது வதந்தியும் இல்லை.

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிடுகிற நமக்கு, வயிற்றுக்குள் போவதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. குடல் தடுத்துவிடும், தப்பி நுழைந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ட்ரிப்ஸ் நேராக ரத்தத்துக்குப் போகிறது, குறைமாதக் குழந்தையின் சிறுநீரகமோ இன்னும் முழுதாக வளரவில்லை. அதனால் அலுமினியம் எலும்பிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது.

அலுமினியத்தை யாரும் வேண்டுமென்றே கலப்பதில்லை. பெரும்பங்கு வருவது, கால்சியம் சத்துக்காக டிபிஎன்னில் சேர்க்கும் கால்சியம் குளுக்கோனேட் என்ற மருந்திலிருந்து. அதைக் கண்ணாடி ஆம்பூலில் (சின்ன ஊசிமருந்துக் குப்பி) அடைத்து, கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் சூடாக்கும்போது, கண்ணாடியிலேயே இருக்கும் அலுமினியத்தை அது இழுத்துக்கொள்ளும், அலமாரியில் கிடக்கக் கிடக்க இன்னும் கொஞ்சம் ஏறும். சில பாஸ்பேட் ஊசிகளிலும் இதே தொல்லைதான். அதே கால்சியம் பிளாஸ்டிக் குப்பியில் வந்தால் அளவு பல மடங்கு குறைவு.

அமெரிக்காவில் 2004-ல் அமலுக்கு வந்த எஃப்டிஏ (அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி, பெரிய பாட்டில் கரைசல்களுக்கு லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து என்றும் எச்சரித்தது. வேடிக்கை என்னவென்றால், முக்கியக் குற்றவாளியான கால்சியம் வரும் சின்னக் குப்பிகளுக்கு அந்த விதியில் உச்சவரம்பே இல்லை, லேபிளில் அளவைப் போட்டால் போதும்.

1997-ல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில் 227 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பாதிக்குச் சாதாரணக் கரைசலும் மறுபாதிக்கு அலுமினியம் குறைத்ததும் கொடுத்து, 18 மாதத்தில் மனவளர்ச்சியை அளந்தார்கள். நரம்புக் கோளாறு இல்லாத குழந்தைகளைப் பார்த்தால், சாதாரணக் கரைசல் ஏறிய ஒவ்வொரு நாளுக்கும் மனவளர்ச்சி மதிப்பெண் சுமார் ஒரு புள்ளி வீதம் குறைந்திருந்தது. ஆக, எத்தனை நாள் ஏறுகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

சரி, டாக்டரிடம் என்ன கேட்பது? கால்சியம் கண்ணாடியிலா பிளாஸ்டிக்கிலா, பிளாஸ்டிக்கில் வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். தாய்ப்பாலை எப்போது தொடங்கலாம், எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்றும் கேளுங்கள்; பால் ஏற ஏற டிபிஎன் இறங்கும். அப்புறம், குளுக்கோனேட்டுக்குப் பதிலாகக் கால்சியம் குளோரைடு போடுங்கள் என்று மட்டும் நீங்களாக வற்புறுத்த வேண்டாம். அதில் அலுமினியம் குறைவுதான், ஆனால் பாஸ்பேட்டுடன் சேர்ந்தால் சட்டென்று திரிந்து படிகமாகிவிடும், அது ரத்தக்குழாயில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.