“என் பையனை ஏன் கோச் வெளியே உட்கார வைக்கிறார்?”
ஹாக்கி கேள்வி–பதில்: இந்த இதழில் கடலூர், புதுச்சேரி வாசகர்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, ஃபார்வர்டு ஆடுகிறான். இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகாது, கோச் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டுவிடுகிறார். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொள்கிறான். நான் போய்க் கோச்சிடம் கேட்கலாமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன் மூன்று ஆட்டங்களுக்குக் கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள்.

கால்பந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெளியே கூப்பிடுவது தண்டனையாகத் தெரியும். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே வந்தவனே திரும்பவும் உள்ளே போகலாம். பெனால்டி கார்னர் (ஓர் அணி தன் கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கொடுத்துவிட்டால் அது முடிகிற வரைக்கும்தான் மாற்றக்கூடாது. சர்வதேச ஆட்டங்களிலும் 15 நிமிட குவார்ட்டருக்குள்ளேயே ஃபார்வர்டுகள் உள்ளே வெளியே என்று மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதிரணி டிஃபெண்டரை அவன் இடத்திலேயே போய் முழு வேகத்தில் மறிக்க வேண்டியது இவர்கள் வேலை. நாலைந்து நிமிடத்தில் கால் தளரும். தளர்ந்தவன் அரை அடி தாமதமாகப் போவான், ஸ்டிக்கை நீட்டிப் பந்துக்குப் பதில் எதிராளியின் ஸ்டிக்கை அடிப்பான். பச்சை அட்டை வந்தால் இரண்டு நிமிடம் அணி ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும்.

ஆகவே எத்தனை முறை வெளியே வந்தான் என்று எண்ணாதீர்கள். மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினான் என்று குறித்து வையுங்கள். மூன்று ஆட்டத்திலும் பாதி நேரம் கிடைத்திருந்தால் கவலையே வேண்டாம். கால்வாசிகூடத் தேறவில்லை என்றால் கேட்டே ஆக வேண்டும்.

ஆட்டம் முடிந்த சூட்டில், மற்றப் பெற்றோர் சுற்றி நிற்கும்போது வேண்டாம். அடுத்த பயிற்சி நாளில் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். “ஏன் சார் இவனை ஆட விடுவதில்லை?” என்று தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். “இவன் எதைச் சரிசெய்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும் சார்?” என்று கேளுங்கள். “இடது பக்கம் வருகிற பந்தை ரிவர்ஸில், அதாவது ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து, நிறுத்தத் தெரியவில்லை, பந்தைப் பறிகொடுத்தால் நின்றுவிடுகிறான், 23 மீட்டர் கோடு வரைக்கும் திரும்பி ஓடி வர வேண்டும்” என்கிற மாதிரி பதில் வந்தால் பிள்ளை நல்ல கையில் இருக்கிறான். “பார்க்கலாம்மா” என்றால் இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று பையனுக்குத் தெரிந்தாக வேண்டும், அதைச் சொல்வது கோச்சின் கடமை.

கேள்வி: எனக்கு 14 வயது. டிராக் ஃப்ளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்து வந்து கோலுக்குச் சுண்டி எறிவது) நன்றாக வருகிறது. தினமும் 100 அடிக்கிறேன் என்றாலும் கோச் தடுக்கிறார். பொறாமையா?
– மாணவர், உப்பளம், புதுச்சேரி

பதில்: இல்லை தம்பி, அவர் உன் இடுப்பைக் காப்பாற்றுகிறார்.

பெனால்டி கார்னரில் ஹிட் அடித்தால் முதல் அடி கோலின் அடிப்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்குள் கோல் கோட்டைத் தாண்ட வேண்டும். ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் அதில் ஆசை. ஆனால் தாழக் குனிந்து, உடம்பை முறுக்கி, அந்த முறுக்கிலேயே நிமிர்கிற அசைவு அது. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வருகிற அதே கீழ்முதுகு எலும்பு விரிசல் இதிலும் வரும். உயரம் சடசடவென்று கூடுகிற வயதில் எலும்பு இன்னும் முற்றியிருக்காது.

வீட்டுக் கதவு நிலையில் மாதம் ஒருமுறை பென்சிலால் உன் உயரத்தைக் கோடு போடு. ஒரே மாதத்தில் முக்கால் சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அந்த மாதம் ஃப்ளிக்கைப் பாதியாகக் குறை. மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 20 போதும். இரண்டு நாளுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடு.

அந்த 20-ஐச் சரியாகச் செய். பந்து வலது காலுக்கு நேராக இருக்கும்போதே ஸ்டிக்கின் தண்டும் கொக்கியும் சேருகிற மூலையில் பிடித்து இழு. இடது கால் நீளமாக விழுந்து பாதம் ஊன்றிய பிறகுதான் பந்தை விட வேண்டும். கால் ஊன்றும் முன்பே விட்டால் அந்த விசையை முதுகுதான் தாங்கும், பந்தும் கம்பத்துக்கு வெளியே போகும். பெரும்பாலான பையன்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்து 10 அடித்துப் பார்த்தாலே உனக்கே தெரிந்துவிடும்.

கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்து, பின்னால் வளைந்தால் அது கூடினால், அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போ. தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாதே.

கேள்வி: ஜூனியர் உலகக் கோப்பையில் நம் பையன்கள் வெண்கலம் வாங்கினார்களே, அவர்களை அப்படியே சீனியர் அணியில் போட்டால் என்ன? எங்கள் டீக்கடையில் தினமும் இதே சண்டை.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: 2025 டிசம்பரில் சென்னையில் அர்ஜென்டினாவிடம் 0–2 என்று பின்தங்கி 4–2 என்று ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். சண்டையில் இரண்டு பக்கமும் ஆதாரம் வைத்திருக்கிறது. விவேக் சாகர் பிரசாத் 2018-ல் 17 வயதிலேயே சீனியர் அணியில் ஆடினார். 2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்த ஹர்மன்பிரீத் சிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வெண்கல அணிக்குக் கேப்டனானார். அதே ஜூனியர் அணியில் ஆடி, சீனியர் இடம் நிலைக்காமல் போனவர்களும் உண்டு.

ஆள் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதை வைத்துப் பேசினால் சண்டை பாதி தீரும். ஃபார்வர்டையும் மிட்ஃபீல்டரையும் நாலு நிமிடம் இறக்கிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். கடைசி டிஃபெண்டரின் ஒரு தப்பு கோல். கோல்கீப்பருக்கு அந்த நாலு நிமிடச் சோதனையே கிடையாது. ஸ்ரீஜேஷ் 2006-ல் சீனியர் அணிக்கு வந்தார், முதல் கோல்கீப்பராக நிலைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. என்னைக் கேட்டால் முன்னால் ஆடுகிறவனை 18-லேயே சேர்க்கலாம், பின்னால் ஆடுகிறவனுக்கு 21 வரை பொறுக்கலாம்.

கேள்வி: எட்டாவது படிக்கும் பையனுக்குப் பெரிய ஸ்டிக்காக வாங்கினால் வளர்ந்த பிறகும் ஆகும் அல்லவா?
– வில்லியனூர்

பதில்: வேண்டாம். நேராக நிற்க வைத்தால் ஸ்டிக் இடுப்பெலும்பு உயரத்துக்கு வர வேண்டும். பெரியவர்களின் வழக்கமான அளவு 36.5 அங்குலம், இவனுக்குப் பெரும்பாலும் 34 அல்லது 35. நீளம் கூடினால் மேல் முனை வயிற்றில் குத்தும். அதைத் தவிர்க்க நிமிர்ந்து ஆடப் பழகுவான். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

கேள்வி: மண் மைதானத்தில் பழகிய என் மகள் அடுத்த மாதம் டர்ஃப்பில் (செயற்கைப் புல்தரையில்) அணித் தேர்வுக்குப் போகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, பாகூர்

பதில்: மண்ணில் பந்து குதிக்கும். அதனால் நம் பிள்ளைகள் ஸ்டிக்கைச் செங்குத்தாகப் பிடித்து நிறுத்துவார்கள். டர்ஃப்பில் பந்து தரையோடு வழுக்கி வேகமாக வரும். ஸ்டிக்கைக் கிடையாகத் தரையில் படுக்க வைத்து மறிக்கவும் தெரிய வேண்டும். தேர்வாளர் முதலில் பார்ப்பது இதைத்தான், பந்தை வாங்குகிற முதல் தொடுதலை.

பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ வழவழப்பான சிமென்ட் கூடைப்பந்துக் களம் இருந்தால் அனுமதி கேளுங்கள். பழைய ஸ்டிக்கை எடுத்துப் போங்கள், சிமென்ட் தேய்த்துவிடும். 10 மீட்டர் தள்ளி நின்று நீங்கள் பந்தை வேகமாகத் தள்ள, அவள் வலது பக்கம் 30, இடது பக்கம் ரிவர்ஸில் 30 நிறுத்தட்டும். வாரத்துக்கு நாலு நாள் செய்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும்போதும் இதே களம் உதவும்.

ஷூவில் நீளமான ஸ்டட் வேண்டாம், சின்னச் சின்ன ரப்பர் புள்ளிகள் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூ பாருங்கள். புதிய ஷூவைத் தேர்வன்று முதன்முதலாகப் போட்டால் குதிகாலில் கொப்புளம் வரும். இரண்டு வாரம் முன்பே வாங்கி, வீட்டிலேயே போட்டு நடக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே ஊருக்குப் போய், அனுமதி கிடைத்தால் அந்த டர்ஃப்பிலேயே அரை மணி நேரம் பந்து தட்டிவிட்டு வரட்டும்.