திருமலையில இருந்து மலைநாட்டுக்கு, ஒரு பைக்கில ரெண்டு பேர்: கேள்வி பதில்

நானும் மனுசியும் 150 சிசி பைக்கில மலைநாட்டுக்குப் போய்வரத் தொடங்கி ஒன்பது வருசம். வீடு திருமலை (திருகோணமலை) உவர்மலையில. முந்தி கராஜ் வைச்சிருந்தனான். "போக ஆசை இருக்கிறவங்கள் கேளுங்கோ" எண்டு சொன்னதுக்கு நிறையக் கேள்வி வந்திட்டுது. ஒரே மாதிரியானதுகளைச் சேர்த்து, கேட்டவங்கட ஊரை முன்னால போட்டிருக்கிறன்.

உப்புவெளித் தம்பி: அண்ணா, என்ட பைக் பழைய 150, கார்பரேட்டர். ரெண்டு பேரும் ஒரு பேக்கும் ஏத்தினால் நுவரெலியா ஏறுமா?

ஏறும் தம்பி. ஆனா நிலாவெளி ரோட்டில இழுக்கிற மாதிரி இழுக்காது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்க காத்து எங்கட கடற்கரையை விட ஆறில ஒரு பங்கு ஐது. கார்பரேட்டருக்கு இது விளங்காது, பெற்றோலைப் பழைய கணக்கிலதான் ஊத்தும். அதாலதான் புகை கறுக்கும், வண்டி சோம்பும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே கணக்குப் பார்த்துக் குறைச்சுப்போடும். அஞ்சு நாள் பயணத்துக்காகக் கார்பரேட்டருக்குள்ள பெற்றோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட்டை மாத்தச் சொல்லி ஆராவது சொன்னால் காதில போடாதீங்கோ. எயார் ஃபில்டரைத் துப்பரவாக்குங்கோ, பிளக்கைப் பாருங்கோ, ஒரு கியர் குறைச்சே ஏறுங்கோ. பெரிய கியரில திணறத் திணற இழுக்கிறதுதான் இஞ்சினுக்குக் கேடு. பின் ரயருக்கு ரெண்டு பேருக்குரிய காத்து அடியுங்கோ. அளவு வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில இருக்கும்.

தம்பலகாமம்: ஏறுறதுதானே கஷ்டம்? இறக்கம் லேசுதானே?

எல்லாரும் இப்பிடித்தான் நினைக்கிறது. நானும் நினைச்சனான், அதுவும் கராஜ்காரனா இருந்துகொண்டு. முதல் பயணத்தில நுவரெலியாவில இருந்து பதுளைக்கு இறங்கேக்க, பெற்றோல் மிச்சம் பிடிக்கலாமெண்டு நியூட்ரலில விட்டன். பிறேக்கை மட்டும் மிதிச்சுக்கொண்டு வாறன். வெலிமடை தாண்டி ஒரு இறக்கத்தில மனுசி பின்னால இருந்து "என்னப்பா, ஏதோ எரியிற மணம்?" எண்டு கேக்கிறா. மிதிச்சுப் பார்த்தால் பெடல் கீழ வரைக்கும் போகுது, வண்டி நிக்கேல்ல. முன் பிறேக்காலயும் கியராலயும் ஒரு மாதிரி நிப்பாட்டி, ஒரு மரக்கறிக் கடைக்கு முன்னால அரை மணித்தியாலம் குந்தியிருந்தம். அவ ஒண்டும் கதைக்கேல்ல. அதுதான் பயமா இருந்தது.

நடந்தது இதுதான். பதுளை 680 மீற்றர். கிட்டத்தட்ட 1200 மீற்றர் இறக்கத்தில வண்டி, ரெண்டு பேர், பேக் எல்லாத்தின்ட வேகத்தையும் பிறேக் ஒண்டே தாங்கினால் அத்தனையும் சூடாகுது. டிரம் பிறேக்கில சூடேறினால் லைனிங் பிடிக்காது. டிஸ்க்கில ஒயில் பழசெண்டால் அதுக்குள்ள ஊறியிருக்கிற தண்ணி கொதிச்சு லீவர் பஞ்சு மாதிரியாகும். அதால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பிறேக் ஒயிலை மாத்துங்கோ. எந்தக் கியரில ஏறுவீங்களோ அந்தக் கியரிலயே இறங்குங்கோ. கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு உருட்டாதீங்கோ. முடக்குக்கு முன்னமே வேகத்தைக் குறைச்சு, முன்பின் பிறேக் ரெண்டையும் விட்டுவிட்டுப் பிடியுங்கோ. சேர்ந்தாப்போல அமத்திக்கொண்டே வரக்கூடாது.

சாம்பல்தீவுத் தங்கச்சி: அவர் வளைக்கேக்க நான் பயத்தில மற்றப் பக்கம் சாயுறன். அவர் ஏசுறார். நான் என்ன செய்ய?

இதுக்கு மனுசியே பதில் சொல்றா, நான் எழுதுறன். "தங்கச்சி, முடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலால ரோட்டைப் பாருங்கோ. உடம்பு தானா வரும், நீங்களாச் சாயத் தேவையில்ல. இறக்கத்தில முழங்காலால அவரை நெருக்கிப் பிடியுங்கோ, இல்லாட்டி உங்கட பாரம் முழுக்க அவற்ற கையில போய் விழும். ஒரு தட்டு எண்டால் மெதுவா, ரெண்டு தட்டு எண்டால் நிப்பாட்டு. ரெண்டு தட்டுத் தட்டினால் காரணம் கேளாமல் நிப்பாட்டுறன் எண்டு அவரிட்ட முதலே சத்தியம் வாங்குங்கோ."

அந்தச் சத்தியம் நானும் செய்து குடுத்ததுதான்.

கிண்ணியா: வைஃப் அபாயாவோடதான் வருவா. பிரச்சினை இருக்கா?

அபாயா, சாறி, துப்பட்டா எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் தம்பி. தொங்குற துணி செயினிலயோ சில்லிலயோ சிக்கினால் ஆளையே இழுத்து விழுத்தும். உள்ளுக்குக் காற்சட்டை போட்டு, அபாயாவை முழங்காலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் பட்டியால கட்டச் சொல்லுங்கோ. சாறி கார்டும் செயின் கவரும் கழட்டியிருந்தால் திரும்பப் பூட்டுங்கோ. வடிவுக்காக அதுகளைக் கழட்டுற பெடியங்களை எனக்குப் பிடிக்காது.

மூதூர்: எந்தப் பாதையால போறது நல்லம்? எத்தனை நாள்?

என்ட விருப்பம் வட்டமாப் போறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. இது 180 கிலோமீற்றர் அளவில வரும், முதல் நாளுக்கு அது காணும். மாத்தளை முத்துமாரியம்மனிட்ட ஒரு கும்பிடு. வாசனைத் திரவியத் தோட்டங்களில கூப்பிட்டால் விலையைக் கேட்டிட்டு இறங்குங்கோ. பேராதனையில ஏ5 ரோட்டைப் பிடிச்சால் பிறகு யோசிக்கத் தேவையில்ல. கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா எண்டு போய் அந்த ரோட்டே செங்கலடியில எங்கட ஏ15இல கொண்டுவந்து விடும். பிறகு வாகரை, வெருகல், உங்கட மூதூர். உங்களுக்கு வீடு வந்திடும், எங்களுக்கு இன்னும் கிண்ணியாப் பாலம் இருக்கு. 2009இல அந்தப் பாலம் திறக்கு முந்தி பாதைப் படகில பைக்கை ஏத்தக் காவல் நிண்ட நினைவு இருக்கோ?

அஞ்சு நாள் வையுங்கோ. கண்டியில இருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான், ஆனா முழு நாளையும் அதுக்குக் குடுங்கோ. றம்பொடை அருவியைப் பார்த்துக்கொண்டு இஞ்சி பிளேன்டீ குடிக்காமல் போறதெண்டால் பஸ்ஸில போகலாம். அடுத்த நாள் சீதா எலிய அம்மன், ஹக்கல பூந்தோட்டம். ஓட்டம் இல்ல, இடுப்புக்கு ஓய்வு.

நிலாவெளி: எந்த மாதம் போகலாம்?

மாசி, பங்குனி. எங்களுக்குக் கச்சான் அடிக்கிற வைகாசி தொடக்கம் ஆவணி வரைக்கும், அந்தக் காத்து மழையை மலையின்ட மேற்குப் பக்கம் கொட்டிப்போட்டுத்தான் எங்களிட்டக் காஞ்சு வருது. அந்த நேரம் றம்பொடைப் பக்கம் நனையும், வெலிமடை பதுளைப் பக்கம் வெயில். ஏப்பிரல் நுவரெலியா சீசன், அறை விலை கேக்கவே பயம். ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் நான் வெளிக்கிட மாட்டன். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மலைநாட்டை என்ன பாடுபடுத்தினது எண்டு எல்லாருக்கும் தெரியும். இப்ப எந்த மாதமெண்டாலும் வெளிக்கிட முதல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட 117க்கு எடுத்து, ரோட்டு திறந்திருக்கோ, மண்சரிவு எச்சரிக்கை இருக்கோ எண்டு கேளுங்கோ. எச்சரிக்கை சிவப்பெண்டால் அறைக்குக் கட்டின முற்பணம் போனாலும் போகட்டும்.

ஆலங்கேணி: பின்னேரம் வேலை முடிய வெளிக்கிட்டு இரவோட கண்டி போகலாமோ?

வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில பொழுதுபட யானை ரோட்டுக்கு வரும். பைக் லைட்டுக்கு யானை தெரியாது, கிட்டப் போனபிறகுதான் தெரியும். விடிஞ்சபிறகு வெளிக்கிடுங்கோ.

உவர்மலை, பேர் சொல்ல விருப்பமில்லை: மலை ரோட்டில பஸ் நடுவால வருது. என்ன செய்யிறது?

இடப்பக்கத்தை விடாதீங்கோ, முடக்குக்கு முதல் ஹோர்ன் அடியுங்கோ, முடக்குக்குள்ள முந்தாதீங்கோ. புகார் வந்தால் லைட்டை டிம்மில வையுங்கோ, ஹைபீம் வெள்ளைச் சுவர் மாதிரித் திருப்பி அடிக்கும். 2025 மே மாதம் கொத்மலை, கரண்டி எல்லப் பக்கம் பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல செத்ததும் இதே ஏ5இலதான். அந்த இடத்தைத் தாண்டேக்க நாங்கள் இப்பவும் கதைக்கிறதில்ல. அவசரத்துக்கு 1990, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

திருக்கடலூர் ஐயா: எனக்கு 61, மனுசிக்கு 57. ஏலுமோ தம்பி?

ஏலும் ஐயா. ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல வேண்டாம், ஒவ்வொரு மணித்தியாலமும் இறங்கி நடவுங்கோ, ரெண்டு பேருக்கும் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் எடுங்கோ. திருமலை வெக்கையில நிண்டு அங்கத்தையக் குளிரை நம்ப மனம் வராது. அம்மாவிட்டக் கேட்டிட்டீங்களோ? உங்கட கேள்வியில அது இல்ல.